ஆயா கால் நீட்டி உட்கார்ந்தபோது

வளர்ச்சியில் பின்தங்கும் கைக்குழந்தைகளுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு வீட்டுக்கு மூன்று வாரங்களாகச் சென்றுகொண்டிருந்தேன். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஆண் குழந்தை; அப்போது பத்து மாதம் நடந்துகொண்டிருந்தது. தூக்கினால் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும்; தலை இன்னும் சரியாக நிற்கவில்லை. நான் கொண்டுபோகும் நீல விரிப்பைக் கூடத்தில் விரித்து, குழந்தையைக் குப்புறப் போட்டு, முகத்துக்கு முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டுவேன். அரை நிமிடம்கூடத் தாங்காது, வீறிட்டு அழுவான். அம்மா ஓடிவந்து தூக்கிக்கொள்வார். "தினமும் மூணு வேளை, அஞ்சஞ்சு நிமிஷம் இப்படிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு நான் கிளம்புவேன். "சரிங்க டீச்சரம்மா" என்பார்கள். செய்ய மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

நான்காவது வாரம் பேருந்து சீக்கிரம் கிடைத்துவிட்டதால் அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குழந்தையின் ஆயா, அப்பாவைப் பெற்றவர், சேலையை முழங்காலுக்கு மேல் வழித்துச் செருகிக்கொண்டு, கால்கள் இரண்டையும் நீட்டி மணைமேல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கால்களின் மேல் குழந்தை குப்புறக் கிடந்தான். உடம்பெல்லாம் எண்ணெய். ஆயா வெந்நீரை மொண்டு முதுகில் ஊற்றி, இடுப்பிலிருந்து குதிகால்வரை இரண்டு உள்ளங்கைகளாலும் நிதானமாக வழித்துவிட்டார். பிறகு அவனுடைய பாதங்களைப் பிடித்து மெல்ல அகட்டி, ஒன்றையொன்று தொடாதபடி தன் கால்களின் இருபுறமும் தொங்கவிட்டார். குழந்தை தலையைத் தூக்கி, குழாயடியில் கிளறிக்கொண்டிருந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுநடுவே தலை சாய்ந்தது; மறுபடி தூக்கினான். கைபேசியில் நேரம் பார்த்தேன். நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகியும் அழுகை இல்லை.

அன்றைக்கு விரிப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆயாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாதத்தை அகட்டும் இடத்தில் இன்னும் சற்று நேரம் பிடித்தபடியே இருக்க வேண்டும் என்பதை மட்டும் காட்டிக்கொடுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுதான் உன் டிரைனிங்கா கண்ணு? இத நான் இவங்கப்பனுக்கே பண்ணுனேனே" என்றார்.

நான் படித்தபோது "குடும்பத்தை மையமாகக் கொண்ட ஆரம்பநிலைப் பயிற்சி" என்று ஒரு முழுத் தாள் இருந்தது. நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அந்தத் தாளின் கதை பெரும்பாலும் அமெரிக்கக் கதை. அங்கே 1975-இல் வந்த சட்டம், மாற்றுத்திறனுள்ள ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டும் என்றது. 1986-இல் அதைத் திருத்திப் பிறந்த குழந்தை முதல் மூன்று வயதுக்குட்பட்டவர்களையும் கொண்டுவந்தபோது, எழுத வேண்டிய ஆவணத்தின் பெயரில் "கல்வி" போய் "குடும்பம்" வந்தது. கைக்குழந்தையை மட்டும் தனியே பெயர்த்தெடுத்துத் திட்டம் தீட்ட முடியாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. அதற்கும் முன்பே, 1969-இல், விஸ்கான்சின் மாநிலத்தின் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில், குழந்தைகள் நாட்டுப்புறத்தில் சிதறிக் கிடந்ததால் மையத்துக்கு வரவழைக்க இயலாமல், ஆசிரியர்களே வாரம் ஒரு முறை வீடுகளுக்குப் போகும் முறை தொடங்கியிருந்தது. ஏற்காட்டு மலைக் கிராமங்களை நினைத்துக்கொண்டு அந்தப் பாடத்தை வாசித்தவள் வகுப்பில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

ஆனால் எனக்கு உறைத்தது சட்டமன்று; கார்ல் டன்ஸ்ட், கேரல் டிரிவெட் ஆகிய ஆய்வாளர்கள் பிரித்துக்காட்டிய ஒரு பிரிவு. குடும்பத்துக்கு உதவுபவர் செய்வதை அவர்கள் இரண்டாக வகுத்தார்கள். காது கொடுத்துக் கேட்பது, மதிப்பது, அன்பாகப் பேசுவது எல்லாம் ஒரு வகை. குடும்பம் தானே தேர்ந்து, தானே முடிவெடுத்து, தன் கையால் செய்யும்படி இடம்விடுவது இன்னொரு வகை. முதல் வகை எளிதில் கைவருகிறது, இரண்டாவது அவ்வளவாக நடப்பதில்லை என்பதும் அவர்கள் கண்டது.

எங்கள் ஊரில் முதல் வகைக்குப் பயிற்சியே தேவையில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் காப்பி வரும். நாம் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவோம். ஆயாவின் மூட்டுவலியை விசாரிப்போம். மாங்காய்ப் பருவமென்றால் பையில் நான்கு மாங்காயுடன்தான் திரும்புவோம். இவ்வளவு ஒட்டுறவு இருப்பதாலேயே, குடும்பத்தை நடுவில் வைத்துத்தான் வேலை செய்கிறோம் என்று நான் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் காப்பியைக் குடித்துவிட்டு, எல்லாவற்றையும் நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். என்ன பயிற்சி, எத்தனை தடவை, எந்த விரிப்பில் என்பதெல்லாம் என்னுடைய முடிவாகவே இருந்தது. ஆயாவின் கால்களை நான்காவது வாரம் வரைக்கும் நான் பார்க்காமல் போனதற்குக் காரணம் அன்புக் குறைவன்று. காலையில் இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை.

கேட்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாடநூல், "உங்கள் குழந்தைக்கு எது முதன்மையாக வேண்டும் என்று பெற்றோரிடம் கேளுங்கள்" என்கிறது. கேட்டுப் பாருங்கள். "நீங்க பார்த்து என்ன சொன்னாலும் சரிங்க மேடம்" என்றுதான் பதில் வரும். என் தோழிகள் சிலர் இதை வைத்துத்தான், நம் மக்களுக்கு இந்த முறையெல்லாம் ஒத்துவராது, அவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்டே பழகியவர்கள் என்று வாதிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பதில் கருத்தில்லாதவரின் பதிலன்று. மரியாதை தெரிந்தவரின் பதில். படித்து வந்தவரிடம், நாற்காலி போட்டு உட்காரவைத்தவரிடம், "எனக்கு இதுதான் வேண்டும்" என்று எடுத்த எடுப்பில் சொல்வது நம் வீடுகளில் வழக்கமில்லை. மாறாக, "காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க, முதல்ல யாரு எந்திரிப்பா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், முக்கால் மணி நேரம் பேச்சு நிற்காது. பால் வாங்கப் போவதிலிருந்து தறிச் சத்தம் அடங்குவது வரைக்கும், குழந்தை எங்கே கிடக்கிறது, யார் தூக்குகிறார், எப்போது அழுகிறது, எந்த நேரத்தில் எல்லாருக்கும் கை ஓய்ந்துபோகிறது என்பது தானாக வந்து விழும்.

ராபின் மெக்வில்லியம் என்பவர் வகுத்த அன்றாட நடைமுறை நேர்காணலின் சாரமும் இதுதான். நாளின் ஒவ்வொரு நேரத்தையும் எடுத்துக்கொண்டு, அப்போது குழந்தை என்ன செய்கிறது, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு, அந்த நேரம் எவ்வளவு நிறைவாகப் போகிறது என்று குடும்பத்தையே ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடச் சொல்வார் அவர். இதில் கேள்வி அப்படியே கடல் கடந்து வந்துவிடுகிறது. மதிப்பெண்தான் கரை ஏறுவதில்லை. "குளிக்கவைக்கிற நேரத்துக்கு அஞ்சுக்கு எத்தனை போடுவீங்க?" என்று கேட்டேன். "பரவாயில்லைங்க" என்றார் அந்த அம்மா. சாப்பாட்டு நேரத்துக்கு? "அதுவும் பரவாயில்லைங்க." தமிழில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லலாம், மோசந்தான் ஆனால் பொறுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம், இதற்குமேல் கேட்காதே என்றும் சொல்லலாம். இப்போது நான் எண்ணைக் கேட்பதில்லை. "அந்த நேரத்துல கூட ஒரு ஆள் இருந்தா தேவலாம்னு தோணுமா?" என்று கேட்கிறேன். ஆமாம் என்று வேகமாக வரும் பதில் எந்த நேரத்தைப் பற்றியதோ அங்கேதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அதே நேர்காணலில் இன்னொரு கேள்வியும் உண்டு: இரவில் தூக்கம் வராமல் கிடக்கும்போது எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்? கேட்டவுடன் கண் கலங்காத தாயை நான் பார்த்ததில்லை. ஆனால் மாமியார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பது பெருந்தவறு. ஒரு முறை அப்படிக் கேட்டு, மருமகள் வாய் திறப்பதற்குள், "அவளுக்கென்ன கவலை, நாங்கதான் எல்லாம் பார்த்துக்கிறமே" என்று பதில் வந்தது. அடுத்த இரண்டு வாரமும் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இப்போது அந்தக் கேள்வியைப் பேருந்து நிறுத்தம்வரை வழியனுப்ப வரும் அந்த ஐந்து நிமிடத்துக்கென்று வைத்திருக்கிறேன்.

கேட்கக்கூடாத நேரத்தில் கேட்கப்படும் இன்னொரு கேள்வியும் எங்கள் படிவத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: சொந்தத்தில் திருமணமா? மரபணுக் காரணங்களை அறிய அது தேவையான கேள்விதான். ஆனால் மாமன் மகனைக் கட்டிக்கொண்ட ஒரு பெண்ணிடம், முதல் சந்திப்பில், பெயருக்கும் முகவரிக்கும் அடுத்தபடியாக அதைக் கேட்டால், குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. நான் அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டு நான்காவது, ஐந்தாவது சந்திப்பில் நிரப்புகிறேன். படிவம் முழுமையில்லை என்று மேலே இருந்து வரும் வசவைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வளர்ச்சிப் படிகள் என்று நாம் வைத்திருக்கும் அட்டவணையே ஒரு வகையில் வளர்ப்பு முறையின் பதிவு என்பதை எனக்குப் புரியவைத்தது கென்யாவின் கிப்சிகிஸ் மக்களைப் பற்றிய ஆய்வு. அங்கே குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிடச் சீக்கிரமாக உட்கார்கின்றன, நடக்கின்றன. ஆனால் உருள்வதிலும் தவழ்வதிலும் அந்த முந்துதல் இல்லை. சார்லஸ் சூப்பர் 1976-இல் இதற்குச் சொன்ன காரணம் எளிமையானது: அங்குள்ள தாய்மார்கள் உட்காரவும் நடக்கவும் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள், தவழக் கற்றுக்கொடுப்பதில்லை. பின்னர் அவரும் சாரா ஹார்க்னெசும் சேர்ந்து, குழந்தை வளரும் இடம், வளர்ப்பு வழக்கங்கள், வளர்ப்போரின் நம்பிக்கைகள் ஆகிய மூன்றும் கூடிய ஒரு கூட்டில்தான் வளர்ச்சி நடக்கிறது என்று 1986-இல் எழுதினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பள்ளியில் மனப்பாடம் செய்த பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் நினைவுக்கு வந்தன. மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி என்று இரண்டிரண்டு மாதமாக இருபத்தொன்றாம் மாதம்வரை எண்ணிக்கொண்டு போகும் மரபு. செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. இன்றைய பயிற்சியாளர் எவரும் மறுக்காத நிலை. சப்பாணி என்பது கை கொட்டுவது. திருவனந்தபுரத்தில் உருவாக்கிய, இரண்டு வயதுவரைக்குமான பதினேழு கேள்விகள் கொண்ட வளர்ச்சி அட்டவணையிலும் கை கொட்டுதல் இருக்கிறது. அது எளிதாக நம் வீட்டுக்குள் நுழைந்துவிடும். எந்த ஆயாவும் கேட்பதற்கு முன்பே செய்யவைத்துக் காட்டுவார். அதே அட்டவணையில் பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக்காட்டுவதும் இருக்கிறது. மலை மேல் நான் போகும் வீடுகள் பலவற்றில் பொம்மையே கிடையாது. நான் கொண்டுபோன பொம்மையைக் கண்டு பயந்து அலறிய குழந்தைகள் உண்டு. "ஆயா மூக்கு எங்க?" என்று கேட்டால் மூக்குத்தியையே பிடித்து இழுக்கும்.

கை கொட்டுதலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பலவீனமான குழந்தைகளை முதல் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டினால் அது கெட்டிக்காரத்தனமன்று, மற்றக் கையைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி. வலக்கை பலவீனம் என்றால் வீடே பதறும். சோற்றுக் கையாயிற்றே, சொன்ன பயிற்சிக்கு இரண்டு மடங்காகச் செய்வார்கள். இடக்கை பலவீனம் என்றால், "பீச்சாங்கைதானே, போனாப் போகுது" என்று விட்டுவிடுவார்கள். இதை அறியாமை என்று எழுதிவைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் இடக்கையின் அருமையைப் பற்றிச் சொற்பொழிவு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பயனும் இல்லை. செவ்வாய்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே கொலுசுக்குச் சலங்கை கோக்கும் ஒரு தாய்தான் வழி காட்டினார். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தபோது, சுற்றியிருந்த குழந்தைகளெல்லாம் கும்பிட, இவள் ஒற்றைக் கையை மட்டும் மார்பில் வைத்ததாகச் சொல்லி வருந்தினார். "ரெண்டு கையும் சேர்த்துக் கும்பிடணும் டீச்சர், அது போதும்." அதுவே எங்கள் இலக்கு ஆயிற்று. சிறு சலங்கைகளைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதால் அவற்றைத் தொடவிடாமல், இறுக்கமாகக் கோத்த முழுக் கொலுசு ஒன்றை இடது மணிக்கட்டில் அம்மா எதிரில் இருக்கும்போது மட்டும் கட்டினோம். கை அசைந்தால் ஒலிக்கும், ஒலித்தால் அசைப்பாள். கும்பிடுவதற்காகத் தொடங்கிய பழக்கம், முறத்தைப் பிடிக்கவும் சொம்பைத் தூக்கவும் தானாகவே பரவிற்று.

சாப்பாட்டு விஷயத்தில் இழுபறி இதைவிட நீளம். வெளிநாட்டு அட்டவணைகள் ஒன்றரை வயதுக் குழந்தை கரண்டியால் தானே உண்ண வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. நம் வீட்டில் நான்கு வயதுப் பிள்ளைக்கும் நிலாவைக் காட்டி ஊட்டுகிறோம். கையில் வல்லமை இல்லாததால் அன்று. ஊட்டுவது பாசம் என்பதால். தானே சாப்பிடவிடுங்கள் என்று நான் சொல்வது, பாதிப் பேருக்கு, பிள்ளையைக் கவனிக்காமல் விடுங்கள் என்று சொல்வதுபோல்தான் கேட்கும். அதுவும் ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் பிள்ளை; சிந்தியது போக வயிற்றுக்குள் என்ன போகும் என்று ஆயா கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அப்போது எனக்குத் தோன்றிய வழியை இன்றுவரை பல வீடுகளில் பயன்படுத்துகிறேன். முழுச் சோற்றையும் நீங்களே ஊட்டுங்கள். கடைசி உருண்டையை மட்டும் அவன் கையில் கொடுத்து, "ஆயாவுக்கு ஆ" என்று வாயைத் திறந்து காட்டுங்கள். பிடிப்பது, தூக்குவது, வாய்க்குக் குறிபார்ப்பது, விடுவது என்று கைக்குரிய வேலை அத்தனையும் அதில் இருக்கிறது. சிந்தினால் சிரிப்பார்களே தவிரக் கோபம் வராது. படிவத்தில் "கரண்டியால் தானே உண்பான்" என்று அச்சிட்டிருந்த வரியை அடித்துவிட்டு "ஆயாவுக்கு ஊட்டுவான்" என்று எழுதினேன். ஆய்வுக் கூட்டத்தில் இது எந்த எண்ணின்கீழ் வரும் என்று கேட்டார்கள்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாப்பேட்டையில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள், கன்னடமும் தெலுங்கும் பேசும் நெசவாளர் வீடுகள் ஏராளம். குழந்தை பேசத் தாமதமானால், வீட்டு மொழியை நிறுத்திவிட்டுத் தமிழில் மட்டும், அல்லது பள்ளிக்குத் தோதாக ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று எங்கேயோ யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. வாயைத் திறந்தாலே பாட்டும் கொஞ்சலுமாக வரும் ஒரு பாட்டியின் மொழியைப் பிடுங்கிவிட்டு, அவருக்கு வராத மொழியில் நான்கு சொற்களைச் சொல்லச் சொன்னால், அந்தக் குழந்தையின் காதில் விழும் பேச்சே குறைந்துவிடும். அவ்வளவுதான்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குப் போகிறேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். வளைவு ஏற ஏறக் குளிர்வதைப் போலவே நான் கீழே கற்றுவைத்தவையும் ஒவ்வொன்றாகப் பயனற்றுப் போகும். கீழே ஆயாவின் கால்மேல் குளியல் என்று ஒரு பொன்னான நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா? அதை ஒரு தாளில் படமாக வரைந்து, சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கும் எடுத்துச் சென்றேன். மார்கழிக் குளிரில், ஓட்டு வீட்டுத் திண்ணையில், கம்பளி சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்த பெண், "இந்தக் குளிருல தெனமும் குளிக்க வெச்சா சளி புடிச்சுக்குமே டீச்சர்" என்றார். அமெரிக்க விரிப்பைச் சேலத்தில் விரித்த அதே தவற்றை, சேலத்து மணையை ஏற்காட்டில் போட்டு நான் மறுபடியும் செய்திருந்தேன். ஒரு மொழியும் ஒரு மாவட்டமும் ஆகிவிட்டால் பண்பாடும் ஒன்றாகிவிடும் என்ற எண்ணம் எனக்குள் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. இத்தனைக்கும் அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவதும் தமிழ்தான். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, கேரளத்தோடு தொடர்பில்லை.

அந்த வீட்டில் இருந்த இரண்டு வயதுப் பையனுக்கும் கால் இறுக்கந்தான். அம்மாவும் அப்பாவும் எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒன்பது வயது அக்கா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவாள். இடுப்பில் இருபுறமும் கால் போட்டு உட்கார்வது, பின்னிக்கொள்ளும் கால்களுக்கு மிக நல்ல நிலை. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில், திட்டத்தில் "அக்கா, தினமும் ஒரு மணி நேரம், இடுப்பில்" என்றே எழுதிவிட்டேன். குடும்பத்தின் வழக்கத்துக்குள்ளேயே பயிற்சி பொதிந்துவிட்டது என்று கூட்டத்தில் பெருமையாகவும் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அங்கன்வாடிப் பணியாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: காப்பிப் பழப் பறிப்பு தொடங்கியதிலிருந்து அந்தப் பெண் பாதி நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது முன்பும் இருந்த காரணம். இப்போது, டீச்சரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதும் அதோடு சேர்ந்துவிட்டது.

பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது என்ற பெயரில் வீட்டில் ஏற்கெனவே இருப்பதையெல்லாம் அப்படியே வாழ்த்திவிட்டு வரக்கூடாது என்பதை அந்தப் பெண்ணின் வருகைப் பதிவேடுதான் எனக்குச் சொல்லிற்று. மூத்த பிள்ளைகள் இளையவர்களை வளர்ப்பது நம் வழக்கந்தான். அந்த வழக்கத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். அதைப் போலவே வலிப்பு மருந்தில் வளைந்து கொடுக்க இடமில்லை. கோயிலில் வேண்டுதல் வைத்திருக்கிறோம், நாற்பத்தெட்டு நாள் விரதம் முடியட்டும் என்றால், விரதம் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும் என்று கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன். "இவங்கப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசுனாரு" என்று காத்திருக்கும் வீடுகளிலும் அப்படித்தான். காது கேட்கிறதா என்ற பரிசோதனைக்கு மட்டும் நான் தவணை கொடுப்பதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அந்த நாளை எஸ்டேட் சம்பள நாளில் வைத்தால் பாதிக் குழந்தைகள் வராது என்பதைக் குழுவுக்கு எடுத்துச் சொல்வதும் என் வேலை என்றே நினைக்கிறேன்.

மலை வீட்டில் திட்டத்தை மாற்றி எழுதுவதற்காக, காலையிலிருந்து நடப்பதை மறுபடியும் கேட்டேன். இந்த முறை, யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக் கேட்டேன். "யாரும் இருக்க மாட்டாங்க" என்றார் அம்மா. அடுப்பருகே ஒருவர் போர்வைக்குள் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தாத்தா. பார்வை மங்கல், வேலைக்குப் போவதை நிறுத்தி மூன்று ஆண்டுகளாகின்றன. பிள்ளை வளர்ப்புக் கணக்கில் அவரை யாரும் சேர்க்கவில்லை, நானும் இரண்டு மாதமாகச் சேர்க்கவில்லை. பையனைத் தூக்கி அவருடைய தொடையின் இருபுறமும் கால் போட்டு, முகம் அடுப்பைப் பார்க்கும்படி உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக் காட்டினேன். தாத்தாவின் கை அவரைக்காயை எடுக்கக் குனியும்போதெல்லாம் பையனும் சேர்ந்து குனிந்து நிமிர வேண்டியிருந்தது. சற்று நேரத்தில் அவன் ஒரு காயைப் பிடுங்கிக்கொண்டான். "விடு சாமி, அது ஆத்தாளுக்குக் கொழம்புக்கு" என்றார் தாத்தா. விடவில்லை.

அக்கா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள் என்று அங்கன்வாடிப் பணியாளர் போன வாரம் தொலைபேசியில் சொன்னார். ஆனால் இந்த ஆண்டுப் பறிப்பு தொடங்கிவிட்டது. அம்மா இனி விடிந்ததும் கிளம்பிவிடுவார்; அவரைக் கொடியும் காய்ந்திருக்கும்; அடுப்பு எத்தனை மணிக்கு மூட்டப்படும் என்பதும் தெரியவில்லை. வியாழக்கிழமை காலைப் பேருந்தில் போய், யார் முதலில் எழுந்திருக்கிறார்கள் என்பதிலிருந்து மறுபடியும் கேட்க வேண்டும்.